மெற்றில்டா வீட்டுக்குப் போன மண்நாய்

கிளாத்திமுனையில் மண்நாய் எழுந்து நடந்ததைப் பற்றி ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. கால் இருக்கிறது, நடக்கிறது, அதிலென்ன? அது யார் வீட்டுக்கு நடந்து போனது என்பதுதான் அந்தக் கடற்கரை ஊருக்குப் பதினோரு மாதப் பேச்சு. மீன் ஏலத்தில் அதே பேச்சு, ரேஷன் கடை வரிசையில் அதே பேச்சு, பூசை முடிந்து தலை முக்காட்டை எடுப்பதற்கு முன்னாலேயே கோயில் வாசலில் அதே பேச்சு. அத்தனையும் கடைசியில் தெக்லாவின் காதில் வந்து விழுந்தது, காதில் விழுந்தது வயிற்றுக்கு இறங்கியது, வயிறு எரிந்தது.

தெக்லாவின் புருஷன் கஸ்பார் சரக்குக் கப்பலில் சமையற்காரன். பத்துப் பதினோரு மாதம் கடலில் ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுவிட்டு, நாற்பது நாள் வீட்டில் உட்கார்ந்து பெண்டாட்டி கையால் சாப்பிடுகிற பிழைப்பு. அந்தத் தடவை மெக்சிகோ தேசத்து மான்சானில்லோ துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் தூக்கியபோது, நங்கூரக் கொக்கியில் சேறு பூசிக்கொண்டு ஒரு நாய் ஏறி வந்தது. சுட்ட மண்ணால் செய்த நாய். ஒன்றரைச் சாண் உயரம், வற்றல் மிளகாய் நிறம், கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்தது போல உருண்ட வயிறு, குட்டையாய் நாலு கால், விறைத்த காது, தூக்கிய வால். அந்த வாலின் நுனியில் ஓட்டை, அது வழியாக வயிற்றுக்குள் தண்ணீர் ஊற்றி வைக்கலாம். "தூக்கிக் கடல்லயே போடு" என்று மற்றவர்கள் சொல்ல, கஸ்பார் மட்டும் அதை அடுப்படிக்குக் கொண்டுபோய் அரிசி களைந்த தண்ணீரில் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, இரண்டு கடல் தாண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பங்குச் சாமியார் இன்னாசி சாமி ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கொலம்பஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்க்காரர்கள் செய்த பாண்டம் இது, செத்தவர்களுக்குத் துணையாகக் குழிக்குள் வைப்பார்கள் என்று சொன்னார். ஊர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டது. ஆனால் தெக்லாவுக்கு அதிலெல்லாம் மனசு போகவில்லை. அந்த நாற்பது நாளும் கஸ்பார் காலையில் எழுந்தவுடன் தன் தோள் துண்டாலேயே அந்த நாயைத் துடைத்தான், திரு இருதயப் படத்துக்குக் கீழே மேசையில் வைத்தான், வெயில் படுகிறதா என்று பார்த்தான், போகிற வருகிற நேரமெல்லாம் அதன் தலையைத் தடவிவிட்டுப் போனான். தெக்லாவின் தலையை அவன் தடவியது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். பெரிய மகள் பிறந்த அன்றைக்கு. அந்த மகள் இப்போது பாளையங்கோட்டையில் போர்டிங்கில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். "ஒரு பானையப் பாத்துப் பொறாமப்பட வச்சிட்டீரே" என்று அவள் மனசுக்குள் திட்டினாள்.

கஸ்பார் திங்கட்கிழமை கப்பலுக்குப் போனான். செவ்வாய்க்கிழமை உச்சி மணி அடித்தது. கோயில் மணியின் கடைசி அடி கடல் பக்கம் போய் அடங்குவதற்குள், மண்நாய் மேசையிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து தரைக்கும் இறங்கி, செம்பை எடுத்து எடுத்து வைப்பது போலச் சத்தம் கேட்க, நடையைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போனது. தெக்லா புறவாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஞானப்பூ ஓடி வந்தாள்.

"ஏ மைனி, ஒங்க நாயி போவுது."

"எந்த நாயி?"

"மண்ணு நாயிதான். கோயில் தெருவுல திரும்பிட்டு." ஞானப்பூ மூச்சு வாங்கினாள். மூச்சு வாங்கினாலும் முகத்தில் ஒரு கொண்டாட்டம். "எங்க போயிப் படுத்துருக்குன்னு நான் சொல்ல மாட்டேன் மைனி. நீங்களே கேட்டாலும் சொல்ல மாட்டேன். மெற்றில்டா வீட்டு வாசல்ல."

இங்கேதான் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் அன்றைக்கு முழுக்க அதைத்தான் தோண்டியெடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சேர்த்து ஓலை வாசிப்பார்கள்; தடை சொல்லுகிறவர்கள் சொல்லலாம். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கஸ்பாருக்கும் மெற்றில்டாவுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முன்னால் கப்பலிலிருந்து அழைப்பு வந்து அவன் போய்விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் இரண்டு வீட்டு அப்பன்மாரும் வலை போடுகிற இடத்துக்காகக் கடலில் வைத்தே அடித்துக்கொண்டு, முகத்தில் முழிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார்கள். உடனே வடக்கே இரண்டு ஊர் தள்ளித் தெக்லாவைப் பார்த்து, லீவு முடிகிறதென்று பங்குகளுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரிடம் அனுமதி வாங்கி, மூன்று ஓலையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மடமடவென்று வாசித்துத் தாலி கட்டிவைத்தார்கள். மெற்றில்டா அப்புறம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குகிற பிள்ளைகளுக்கும் கல்யாணப் பெண்களுக்கும் காகிதப் பூவில் தலையில் சூடும் பூமுடி கட்டிக் கொடுத்துக்கொண்டு, கோயில் தெருவில் தனியாக இருந்தாள். கஸ்பார் அந்தத் தெருவில் கால் வைப்பதில்லை. கோயிலுக்குக்கூடக் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவான். அவன் சுற்றிப் போகிற ஒவ்வொரு ஞாயிறும் தெக்லாவுக்குக் குத்தும். ஒன்றுமில்லையென்றால் நேராகப் போகவேண்டியதுதானே?

இப்போது நாய் நேராகப் போனது. சாயங்கால மணி அடித்ததும் எழுந்து வீட்டுக்கு வந்து மேசையில் ஏறிக்கொண்டது. மறுநாள் உச்சிக்கு மறுபடியும் போனது.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. ஐஸ் ஏற்ற வருகிற லாரி டிரைவர் நாய் தெருவைத் தாண்டும்வரை இன்ஜினை நிறுத்திவைத்தான். ஏலக்காரர் தொம்மை, "மண்ணு நாயிக்கு முந்தி முடிக்கணும், சீக்கிரம் கேளுங்கய்யா" என்று ஏலத்தை முடுக்கினார். மணி என்ன என்று கேட்கிற பழக்கம் போய், "நாயி போயாச்சா?" என்று கேட்டுச் சோறு வடித்தார்கள். ஊர் நாய்கள் மூன்று நாள் குரைத்துப் பார்த்தன, நாலாம் நாள் முகர்ந்து பார்த்தன, அப்புறம் சொந்தக்காரனைப் பார்த்தது போல ஒதுங்கிப் படுத்துக்கொண்டன. வெறிநாய் ஊசி போட வந்த ஆள் பட்டியலில் இருக்கிறதென்று அதற்கும் குத்தப்போய் ஊசி முறிந்து, "போட்டாச்சு" என்று எழுதிக்கொண்டு போனான். மழை நாளில் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி தான் நனைந்தபடி அதற்குக் குடை பிடித்துக்கொண்டு போனதைத் தெக்லா தன் கண்ணாலேயே பார்த்தாள். தெக்லாவுக்கு யாராவது குடை பிடித்தார்களா? அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள், அவள் தாண்டிப் போனதும் தொடர்ந்தார்கள்.

"ரெண்டு ஓலை வாசிச்சது வாசிச்சதுதானே மைனி," என்றாள் ஞானப்பூ, ஆறுதல் சொல்லுகிற குரலில். "அது பாதியில நிக்கில்லா? கஸ்பார் அண்ணன் மனசு அதுல மாட்டிக் கெடக்கு. மனுசன் போகமுடியாத எடத்துக்கு நாய அனுப்புதாரு. நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்னு சும்மாவா சொன்னாவ?"

ஊரே இப்படித்தான் கணக்குப் போட்டது. கோயில் கமிட்டிக்காரர்கள் இன்னாசி சாமியிடம் போய், அந்த மூன்றாம் ஓலையை ரத்தென்று ஒரு தடவை வாசித்துவிட்டால் நாய் அடங்கிவிடும் என்று கேட்டார்கள். "வாசிக்காத ஓலையை எப்படிப்பா ரத்து பண்ணுறது?" என்று சாமியார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

தெக்லா சும்மா இருப்பாளா? முதலில் கதவைச் சாத்தினாள். நாய் கதவைப் பிறாண்டிய சத்தத்தில் தெருவே வந்து நின்றது, மானம் போகிறதென்று திறந்துவிட்டாள். வலைக்கயிற்றால் கட்டினாள், கயிற்றை மேசையோடு இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தது. கனத்தால் கிடக்கும் என்று வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றினாள்; அதுவோ வாலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே நடந்தது, நேரில் பார்க்காதவர்களும் தெருவில் கிடந்த ஈரக்கோட்டைப் பார்த்து அது எங்கே போயிருக்கிறதென்று தெரிந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. பங்குக் கோயிலுக்குப் போய்த் தன் கல்யாணப் பதிவுக்கு ஒரு நகல் எழுதி வாங்கி, முத்திரை வெளியே தெரிகிற மாதிரி சுருட்டி, வால் ஓட்டை வழியாக நாயின் வயிற்றுக்குள் திணித்தாள். நீ யார் வீட்டு நாய் என்று இப்போதாவது தெரிந்துகொள் என்றாள். உச்சி மணி அடித்தது. நாய் இறங்கியது, நடந்தது, அந்தக் கல்யாணச் சீட்டையும் வயிற்றில் சுமந்துகொண்டு போய் மெற்றில்டா வாசலில் படுத்தது. "தெக்லா தன் கல்யாணத்தையே அவ வீட்டுக்கு அனுப்பி வச்சிட்டா" என்று ஊர் சிரித்த சிரிப்பில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கஸ்பாருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவாள். பிள்ளைகளின் பரீட்சை, கூரை ஒழுகியது, சீலா மீன் விலை எல்லாம் எழுதுவாள். நாயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கேட்டுவிட்டால் அவன் பதில் சொல்லிவிடுவானே, அந்தப் பயம். அவன் இந்தத் தடவை வந்து இறங்கினால் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே கவலை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுதான்.

பஞ்சாயத்தில் புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு நாயின் கால்களை உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டே வந்தது. சிவப்புத்தூள் தெருவில் கோடாகக் கிடக்கும், பெண்கள் பெருக்காமல் விட்டுவைத்தார்கள். ஒன்பதாம் மாதம் வயிறு தரையில் தட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்கால மணி அடித்தது, தெக்லா வாசலில் நின்று பார்த்தாள், நாய் வரவில்லை. கால் மணி நேரம் பார்த்தாள். அவள் வீட்டில்! அங்கேயே தங்கப் போகிறதா! சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மெற்றில்டா வீட்டுக்குப் போனாள்.

நாய் வாசற்படியில் கிடந்தது. கால் என்று ஒன்றும் மிச்சமில்லை. மெற்றில்டா மடியில் காகிதப் பூவோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"வா தெக்லா. இன்னைக்கித்தான் இது போகல."

"எங்க வீட்டு நாயி. எடுத்துட்டுப் போக வந்தேன்."

"எடுத்துக்க. நான் எப்ப வேண்டாம்னேன்?" மெற்றில்டா ஊசியைத் தலைமுடியில் செருகினாள். "ஊருல என்ன பேசுதாவன்னு எனக்கும் தெரியும். நீ இது இங்க வாரத மட்டுந்தான் பாத்துருக்க. ஒரு நாளு உள்ள காலு வச்சிருக்குமா? வைக்காது. ஒன் வீட்டுத் தெசையப் பாத்துக்கிட்டே கெடக்கும். மணி அடிச்சா எந்திரிச்சிரும். திரும்பி ஒரு பார்வ? கெடையாது. அவரு என்ன விட்டுட்டுக் கப்பலுக்குப் போனது ஒரே ஒரு தடவ. இது எறநூத்தி எழுவத்தி நாலு தடவ போயிருக்கு, எண்ணி வச்சிருக்கேன். அத்தன தடவயும் நான் இந்தப் படியில இருந்து பாத்துருக்கேன். எனக்கு ஒன் மேல வயித்தெரிச்சல்ளா, தெக்லா. பொல்லாத வயித்தெரிச்சல்."

தெக்லா குனிந்து நாயைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வயிற்றுக்குள் சீட்டு சரசரத்தது. தூக்கின அந்த நொடியில் மெற்றில்டாவின் முகம் விழுந்ததைப் பார்த்தாள். அடேயப்பா! வெயிலில் நாலு மைல் நடந்து வந்தவளுக்குப் பானகம் கொடுத்தது போல உள்ளே குளுகுளுவென்று இறங்கியது. இவள்தானா? இவளைப் பார்த்தா இத்தனை நாள் எரிந்தேன்? தெரு முழுக்க அவள் அன்றைக்குத் தலையை நிமிர்த்தி நடந்தாள்.

மறுநாள் உச்சி மணி அடித்தது, நாய் அசையவில்லை. கால் இல்லாத நாய் எங்கே போகும்? தெக்லா நிம்மதியாகச் சோறு தின்றாள். சாயங்கால மணி அடித்தது. நாய் எங்கேயும் போகாததால் எங்கிருந்தும் வரவில்லை. மேசையில் வெறும் பானையாகக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பானகம் வேண்டியிருந்தது. மெற்றில்டா இந்நேரம் நிம்மதியாகப் பூக் கட்டிக்கொண்டிருப்பாள், நினைக்க நினைக்கப் பொறுக்கவில்லை.

நாலாம் நாள் உச்சி மணிக்குத் தெக்லா நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மெற்றில்டா வாசலில் இறக்கி வைத்தாள். "பழகின நாயி, ஏங்கிப்போவும்ல" என்றாள். மெற்றில்டாவும் ஒரு மனைப்பலகையை எடுத்துப் போட்டாள். இரண்டு பேரும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார்கள். தெக்லா காகிதம் வெட்டிக்கூடக் கொடுத்தாள். மணி அடித்ததும் எழுந்தாள், நாயைத் தூக்கினாள், தெருமுனைவரை மெல்ல நடந்தாள். முதுகில் மெற்றில்டாவின் பார்வை பட்டுக்கொண்டே வந்தது. அவ்வளவு சுகம்.

அப்புறம் தினமும் இதே வேலை. இரண்டு மாதம். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. "தெக்லா போயாச்சா?" என்று கேட்டுச் சோறு வடித்தார்கள். டிரைவர் அவளுக்காக இன்ஜினை நிறுத்தினான். மழை பெய்தால் அவளுக்கும் குடை வந்தது.

கஸ்பார் உயிர்ப்புத் திருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தான். கப்பல் முந்திவிட்டதால் எட்டு நாள் முன்னாலேயே, உச்சி மணி அடித்து அரைமணி நேரம் கழித்து வந்த பஸ்ஸில் இறங்கி, இரண்டு கையிலும் பையோடு நேரே வீட்டுக்குப் போனான். வலது பக்கமோ இடது பக்கமோ பார்க்கவில்லை. வீட்டுக்குத்தான் போனான். வீடு பூட்டியிருந்தது.

"எங்க அவ?"

பதினோரு மாதம் வாயில் அடக்கிவைத்திருந்த சந்தோஷத்தையெல்லாம் கூட்டி ஞானப்பூ சொன்னாள்: "மைனியா? மெற்றில்டா வீட்டுல இருக்காவ அண்ணே. தெனம் அங்கதான். நீங்களும் அங்கேயே போயிப் பாருங்க."

கஸ்பார் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தான். பிறகு பைகளைத் தூக்கிக்கொண்டு, பதினாறு வருஷமாகக் கால் வைக்காத கோயில் தெருவில் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் தீப்பெட்டி வாங்கப் போகிறவர்கள், கோழியைத் தேடிப் போகிறவர்கள் என்று பாதி ஊர் வந்தது.

தெக்லா ரோஜாக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். புருஷன் மெற்றில்டாவின் வாசலில் நிற்கிறான். எதைத் தடுப்பதற்காகக் கயிறு கட்டினாளோ, தண்ணீர் ஊற்றினாளோ, கோயிலில் போய் நகல் எழுதி வாங்கினாளோ, அது நடந்துவிட்டது. நாய் ஒன்பது மாதம் நடந்தும் அவனை இங்கே கொண்டுவரவில்லை. நான்தானே கொண்டுவந்தேன், பாவி நான்தானே!

"காலு என்னாச்சு?" என்றான் கஸ்பார், நாயைப் பார்த்து.

மெற்றில்டா எழுந்தாள். மடியிலிருந்து காகிதத் துணுக்குகள் படியில் கொட்டின. கஸ்பார் அவளைப் பார்த்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம், அவ்வளவுதான். ஆனால் தெக்லா அதை அளந்துவிட்டாள், சாகிறவரைக்கும் அதை அளந்துகொண்டே இருப்பாள். மெற்றில்டா அவனைப் பார்க்கவில்லை. தெக்லாவைத்தான் பார்த்தாள்.

"மணி அடிக்கிற வரைக்கும் இருக்க வேண்டாம் தெக்லா," என்றாள். "ரெண்டையும் எடுத்துட்டுப் போ."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தெருவில் கேட்டது.

"வா, போவோம்," என்றான் கஸ்பார்.

தெக்லா நாயைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பக்கத்தில் புருஷன். எதிரே ஊர். பதினாறு வருஷமாக எதை நினைத்து வெந்தாளோ அது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது, மெற்றில்டாவின் வாசலிலிருந்து கஸ்பாரைக் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆனால் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லையே! பார்க்காவிட்டால் இதில் என்ன இருக்கிறது?

"இரிங்க," என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "மணி அடிக்கட்டும்."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கஸ்பார் என்ன ஏதென்று புரியாமல், பைகளை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் உறைத்தது, பிறகு சாய்ந்தது. தொம்மை கடையில் ஒரு கலர் சோடா வாங்கிவந்து கஸ்பாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊர் முதலில் நின்று பார்த்தது, அப்புறம் உட்கார்ந்து பார்த்தது, அப்புறம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருமென்று ஒவ்வொருவராகக் கலைந்தது. தெக்லாவின் கண் கதவை விட்டு அகலவில்லை. உள்ளே கத்தரி ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சாயங்கால மணி அடித்தது. கதவு திறக்கவில்லை. தெக்லா எழுந்து, நாயைச் சுமந்துகொண்டு நடந்தாள். கஸ்பார் பைகளோடு கூடவே நடந்தான். அவன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தெக்லாதான் பார்த்தாள், தெருமுனைக்குள் நாலு தடவை.